செக்‌ஷனில் நமக்கொரு இடம்: பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடத்தில் 1989இல் தட்டச்சராகச் சேர்ந்து, 2022இல் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். இப்போதும் வாரத்துக்கு இரண்டு பேராவது போனில் கூப்பிடுகிறார்கள். விடுப்புக் கணக்கு, ஊதிய நிர்ணயம் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும், பத்து நிமிடம் போனதும் வேறு பக்கம் திரும்பிவிடும்: "மேடம், இங்க என்னை ஒரு ஆளாவே நினைக்க மாட்டேங்கறாங்க." விதிக்குப் புத்தகம் இருக்கிறது, இதற்கு எதுவும் இல்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

சேர்ந்து ஒரு மாசம் ஆகுது, யாரும் வேலையே சொல்லித் தர மாட்டேங்கறாங்க. என்னைப் பிடிக்கலையா?

பிடிக்காமல் இல்லை. நம் அலுவலகத்தில் வேலை சீட் சீட்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு சீட்டில் இணைப்புக் கல்லூரி விவகாரம், அடுத்த சீட்டில் ஊதிய உயர்வு, இன்னொன்றில் ஓய்வூதியம். பத்து வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவருக்குக்கூட அடுத்த சீட்டில் நடப்பது முழுசாகத் தெரியாது. புதிதாக வருபவருக்குப் பயிற்சி என்று ஒன்றும் பெரும்பாலான இடங்களில் கிடையாது, முதல் நாளே ஒரு கட்டுத் தபாலைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

"இதை எப்படிச் செய்யணும்" என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. "இதே மாதிரி போன வருஷம் போட்ட ஃபைல் இருக்கா சார்?" என்று கேளுங்கள். பழைய கோப்பு மேஜைக்கு வந்துவிட்டால் குறிப்பு எப்படித் தொடங்கியது, எந்த விதியைக் காட்டினோம், எந்த அதிகாரி என்ன கேட்டுத் திருப்பினார் என்று அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். பதிவறை எழுத்தரோடு முதல் வாரமே பழகிக்கொள்ளுங்கள், எந்தக் கோப்பு எந்தக் கட்டில் இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அப்புறம், உங்கள் சீட்டுக்கு வந்த தபால், அதன்மேல் எடுத்த நடவடிக்கை எல்லாம் எழுதி வைக்கும் தன்பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர் எதை உடனே முடித்தார், எதை மாதக்கணக்கில் இழுத்தார் என்று அதில் தெரிந்துவிடும்.

யாரை சார்னு கூப்பிடறது, யாரை அண்ணேன்னு கூப்பிடறது?

கண்காணிப்பாளரிலிருந்து மேலே எல்லோரும் சார், மேடம். உங்கள் பதவியில் இருப்பவர்களை முதல் ஆறு மாதம் சார், மேடம் என்றே சொல்லுங்கள், அண்ணே, அக்கா என்பது தானாக வரும்போது வரட்டும். ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். ஐம்பத்தைந்து வயது அலுவலக உதவியாளரை இருபத்து நான்கு வயது உதவியாளர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நம் இடங்களில் இன்னும் நடக்கிறது. அவருக்கு உங்கள் அப்பா வயது. அண்ணே என்று கூப்பிடுங்கள்.

பெண் அதிகாரிகள் விஷயத்தில் இன்னொன்று. அதே பதவியில் இருக்கும் ஆணை "சார்" என்பார்கள், பெண்ணை "ஏம்மா" என்பார்கள். நான் கண்காணிப்பாளர் ஆனபோது எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர்கள் இரண்டு பேர் என் பிரிவிலேயே இருந்தார்கள். செக்‌ஷனுக்குள் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், துணைப் பதிவாளர் அறையில் மட்டும் மேடம் என்று சொல்லுங்கள் என்று தனியாகக் கேட்டுக்கொண்டேன். அதில் ஒருவருக்கு ஒரு வாரம் வருத்தம் இருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது.

மதியம் யாரோட உட்கார்ந்து சாப்பிடறதுன்னே தெரியல.

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள், சின்ன விஷயம் என்று நினைத்து. சின்ன விஷயமே இல்லை. நான் சேர்ந்த புதிதில் மூன்று வாரம் தட்டச்சு மிஷின் முன்னாலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். பெண்கள் எல்லோரும் பதிவறையில் இரும்பு ராக்குகளுக்குப் பின்னால் வட்டமாக உட்காருவார்கள், சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்கும். ஒருநாள் நிதிப் பிரிவு அக்கா ஒருவர் வந்து, "மிஷினுக்கா ஊட்டி விடற? வத்தக்குழம்பு இருக்கு, வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். நான் தனியாக இருக்க விரும்புகிற பெண் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். நானோ அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன்.

அதனால் காத்திருக்காதீர்கள். பொரியலோ ஊறுகாயோ கொஞ்சம் கூடக் கொண்டுபோய், "இங்க உட்காரலாமா" என்று கேளுங்கள். அந்த வட்டத்தில் அன்றைக்கு வராதவரைப் பற்றிய பேச்சு வந்தால் சாப்பாட்டில் கவனமாக இருங்கள், நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளும் வரும். இன்னொன்றையும் பாருங்கள்: தொகுப்பூதியத்தில், அதாவது நிரந்தரம் இல்லாமல் மாதம் ஒரு மொத்தத் தொகைக்கு, வேலை பார்க்கிற பெண்கள் எங்கே சாப்பிடுகிறார்கள்? பல இடங்களில் மாடிப்படிக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருப்பார்கள். போகக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் யாரும் போவதில்லை.

அப்பா சர்வீஸ்ல இறந்ததால கருணை அடிப்படையில வந்தேன். எல்லாரும் இன்னும் "அவர் பொண்ணு"ன்னுதான் சொல்றாங்க. பரீட்சை எழுதி வந்தவங்க முன்னாடி கூச்சமா இருக்கு.

கண்ணம்மா, "கருணை" என்ற அந்தச் சொல்தான் உங்களைக் கூச வைக்கிறது. அது தர்மம் கிடையாது. பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று அரசு விதியிலேயே வைக்கப்பட்ட ஏற்பாடு. தமிழ்நாட்டு அரசு விதியில் இறந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், குடும்ப வருமானம் பார்ப்பார்கள், வாரிசுச் சான்று பார்ப்பார்கள், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அவ்வளவையும் தாண்டித்தான் வந்திருக்கிறீர்கள்.

"அவர் பொண்ணு" என்பதை முதல் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவரை அவர்களும் இழந்திருக்கிறார்கள், உங்களைப் பார்க்கும்போது அந்த ஞாபகம் வருகிறது. ஆனால் "உங்க அப்பா இருந்தா எனக்கு இதைப் பண்ணிக் கொடுத்திருப்பார்" என்று ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால், அங்கே நிறுத்திவிடுங்கள். "கண்காணிப்பாளர்கிட்ட காட்டிட்டுப் போடறேன் சார்" என்று சொன்னால் போதும். பதவி உயர்வுக்கு வேண்டிய துறைத் தேர்வுகளைச் சீக்கிரம் எழுதி முடித்துவிடுங்கள், பரீட்சை எழுதி வந்தவர்களும் அதே தேர்வைத்தான் எழுதியாக வேண்டும்.

பேராசிரியர்கள் நம்மளை "கிளார்க்"னுதான் பார்க்கறாங்க. நாம இல்லாம யூனிவர்சிட்டி ஓடுமா?

எனக்கும் இந்த ஆதங்கம் முப்பது வருஷம் இருந்தது. நம் பெயரையே பாருங்கள், "ஆசிரியரல்லாப் பணியாளர்". நாம் யார் என்று சொல்லாமல், யாராக இல்லை என்று மட்டும் சொல்கிற பெயர். வேறு எந்தத் துறையிலாவது இப்படி உண்டா?

ஒரு பழைய கதையைச் சொல்கிறேன், புதிதாகச் சேர்கிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் தொடங்கினார்கள். அது பாடம் நடத்தவில்லை. கல்லூரிகள் நடத்தின, பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. 1904இல் வந்த இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்துக்குப் பிறகுதான் பல்கலைக்கழகமே பாடம் நடத்த வழி பிறந்தது. அதுவரை கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு பதிவேடும் தேர்வும் பட்டமும்தான் பல்கலைக்கழகம். இன்றைக்கு நாம் தேர்வுப் பிரிவில் உட்கார்ந்து செய்கிறோமே, அதே வேலை.

சரி, இதைப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னால் சண்டைதான் வரும். நடைமுறையில் பாதிச் சண்டை அவர்களுடைய பணி மேம்பாட்டுக் கோப்பு, அதாவது பதவி உயர்வுக் கோப்பு, எங்கே இருக்கிறது என்று தெரியாததால் வருகிறது. "பார்க்கறோம் சார்" என்பதற்குப் பதில், "இந்த எண், இந்தத் தேதியில் நிதிப் பிரிவுக்குப் போயிருக்கு" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நான் அப்படிக் கொடுத்த பேராசிரியர்கள் யாரும் என்னைக் கிளார்க் என்று சொன்னதில்லை. சிலர் எதைச் செய்தாலும் மாற மாட்டார்கள், அவர்களுக்காக மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பன்னிரண்டு வருஷமா தொகுப்பூதியத்துல இருக்கேன். "நீ நம்ம குடும்பத்துல ஒருத்தி"ங்கறாங்க, ஆனா அடையாள அட்டையிலகூட "தற்காலிகம்"னு இருக்கு. நான் இந்த ஆபீஸ் ஆளா, இல்லையா?

இருக்கிற கேள்விகளிலேயே கனமானது இதுதான். வேலையில் நீங்கள் அந்த ஆபீஸ் ஆள்தான், உங்களை எடுத்துவிட்டால் தேர்வுப் பிரிவில் பல சீட்டுகள் மறுநாளே நின்றுவிடும். காகிதத்தில் நீங்கள் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை "குடும்பம்" என்ற சொல்லால் மூடப் பார்க்கிறார்கள். அந்தச் சொல் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பட்டமளிப்பு விழா வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லும்போது வரும். மூன்று மாதம் சம்பளம் தள்ளிப்போகும்போது வராது.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, முறைப்படி தேர்வு நடக்காமல் சேர்ந்தவர்கள் நீண்ட காலம் வேலை பார்த்தார்கள் என்பதற்காக மட்டும் நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்றது. ஒப்பளிக்கப்பட்ட காலிப் பணியிடத்தில், நீதிமன்ற உத்தரவின் பாதுகாப்பு இல்லாமல், பத்து வருஷத்துக்கு மேல் இருந்த தகுதியுள்ளவர்களை ஒருமுறை மட்டும் வரன்முறை செய்யலாம், அதாவது நிரந்தரமாக்கலாம், என்று ஒரு வழி விட்டது. 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில் அதே நீதிமன்றம், நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்கிற தற்காலிகப் பணியாளருக்கு அந்தப் பதவியின் குறைந்தபட்ச ஊதியமாவது தர வேண்டும் என்றது. உங்கள் நிலைமை எதில் வரும் என்று ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். அவரிடம் போகும்போது முதல் நியமன ஆணை, ஒவ்வொரு நீட்டிப்பு ஆணை, சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகம், எந்த சீட் பார்த்தீர்கள் என்பதற்கான அலுவலக ஆணை எல்லாம் கையில் இருக்க வேண்டும். அதற்கெல்லாம் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள், இன்றைக்கே.

நான் நிரந்தரப் பணியாளர். தொகுப்பூதியத்துல இருக்கவங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்?

மேலே இருக்கிற கேள்வியை முதலில் வாசியுங்கள். அப்புறம் மூன்று விஷயம். அவர் தயாரித்த பட்டியலை அதிகாரியிடம் கொண்டுபோகும்போது அவர் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் மகனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட அவரை பேங்குக்கு அனுப்பாதீர்கள். வசூல் நோட்டு சுற்றி வரும்போது அவரிடமும் ஐந்நூறு கேட்காதீர்கள்.

"எந்த ஊரு, யாரு வீடு"ன்னு சுத்திச் சுத்திக் கேக்கறாங்க. என்ன சொல்றது?

ஊரைச் சொல்லுங்கள், அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. "நம்ம ஆளா" என்று தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி அது என்பது கேட்பவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சாதி வழியாகக் கிடைக்கிற நெருக்கம் முதல் வாரத்தில் இதமாகத்தான் இருக்கும், தனியாக வந்த ஊரில் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுவார். ஆனால் அதோடு அவருடைய பழைய பகைகளும் உங்கள் தலையில் வந்து உட்காரும். பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது உங்களை ஒரு அணியாகத்தான் எண்ணுவார்கள்.

"கோட்டாவில் வந்தவர்" என்று யாரையாவது குத்திப் பேசுவதைக் கேட்டால் சும்மா இருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசையாகக் குறிக்கும் 200 புள்ளி சுழற்சிப்படி நியமனம் நடக்கிறது. அப்படிப் பேசுகிறவரும் பெரும்பாலும் அதே சுழற்சியில் ஒரு புள்ளியில் வந்தவராகத்தான் இருப்பார்.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல என்னைச் சேர்க்கல.

அதிகாரப்பூர்வ தகவல் அதில் போகிறது என்றால் கண்காணிப்பாளரிடம் நேராகக் கேளுங்கள், சேர்த்துத்தான் ஆக வேண்டும். காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் போகிற குரூப் என்றால் நிம்மதியாக இருங்கள்.

கல்யாணம், காதுகுத்து, பணி நிறைவுன்னு மாசத்துக்கு நாலு வசூல். குடுக்கலைன்னா ஒதுக்கறாங்க, குடுத்தா கட்டுப்படியாகல.

உங்கள் வீட்டுக் கணக்குக்கு எவ்வளவு முடியுமோ அதை எல்லோருக்கும் ஒரே தொகையாக வைத்துக்கொள்ளுங்கள், பதிவாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒன்று, அலுவலக உதவியாளர் வீட்டுக்கு ஒன்று என்று மாற்றாதீர்கள். மாற்றினால் அதைத்தான் பேசுவார்கள். பணம் இல்லாத மாதம் நேரில் போய் நில்லுங்கள். என் மாமியார் இறந்தபோது யார் மாலை வாங்கினார்கள் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. பந்தலில் நாற்காலி எடுத்துப் போட்டவர் டெஸ்பாட்ச் தம்பி, அது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு அப்புறம் வந்தவர் எனக்கு மேல போயிட்டார். அவர்கிட்ட எப்படி கையெழுத்துக்கு நிக்கறது?

முதலில் ஏன் போனார் என்று பாருங்கள். பாதிக் கேஸில் காரணம் துறைத் தேர்வு. அரசுப் பணியாளர் தேர்வாணையம் மே, டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை நடத்துகிறது, சார்நிலை அலுவலர் கணக்குத் தேர்வை அவர் மூன்றாம் வருஷமே முடித்திருப்பார், நாம் குழந்தை, வீடு என்று தள்ளிப் போட்டிருப்போம். அப்படியென்றால் அவர்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. பணிமூப்புப் பட்டியலே தப்பு என்றால் தற்காலிகப் பட்டியல் சுற்றுக்கு வரும்போது எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். பட்டியல் இறுதியான பிறகு கேன்டீனில் புலம்பினால் அது அவர் காதுக்குத்தான் போகும்.

கையெழுத்துக்கு நிற்பது முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். அவருக்கும் கஷ்டம்தான், கூப்பிடுகிற முறையிலிருந்து எல்லாம் மாறுகிறது. இரண்டாவது கேள்வியில் நான் சொன்னது என் மூத்தவர்களுக்கும் எனக்கும் நடந்தது, அதையே மறுபக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள்.

அண்ணாமலைப் பல்கலையிலிருந்து பணி நிரவல்ல வேற ஆபீசுக்கு அனுப்பிட்டாங்க. இங்க "மிகை"ன்னு பேரு. அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல.

தெரியாதவர்களுக்காக: 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தை 2013இல் தனிச் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டது. தேவைக்கு மேல் ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லி, ஆயிரக்கணக்கானவர்களை மாநிலம் முழுக்க அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பிரித்து அனுப்பினார்கள். ஒரே வளாகத்தில் அப்பா, அண்ணன் என்று தலைமுறையாக வேலை பார்த்தவர்கள் திடீரென்று தெரியாத மாவட்டத்தில் வாடகை வீடு தேடினார்கள்.

"மிகை" என்பது பணியிடக் கணக்கில் வருகிற சொல், ஆளைக் குறிக்கிற சொல்லே கிடையாது. புது அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு உங்கள்மேல் பகை என்பதைவிடப் பயம்தான் அதிகம், நம் பதவி உயர்வில் கை வைப்பார்களோ என்று. "என் பணிமூப்பு தாய் அலுவலகத்தில்தான்" என்று உங்கள் ஆணையில் இருந்தால் அதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள், பாதி இறுக்கம் போய்விடும். தேர்வு வேலை தெரிந்தவர் நீங்கள், கல்லூரி அலுவலகத்தில் அது பொன். ஊர்க்காரர்களோடு மாதம் ஒருமுறை பேசுவதையும் விடாதீர்கள்.

எங்க செக்‌ஷன்ல மாணவர்கள்கிட்ட "டீ செலவு" வாங்கறாங்க. நான் வாங்கலைன்னு என்னோட யாரும் பேசறதில்ல.

வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தொலைந்த சான்றிதழுக்கு இரண்டாம் நகல் வாங்கத் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண்ணின் கையிலிருந்து வருகிற காசு அது. பிடிபடும் நாளில் உங்களோடு டீ குடித்தவர் யாரும் கூட நிற்க மாட்டார்கள்.

தனிமை கஷ்டம்தான், மறுக்கவில்லை. நானும் ஒரு பிரிவில் ஒன்றரை வருஷம் அப்படி இருந்தேன். உபதேசம் செய்யாமல், யாரையும் திருத்தப் போகாமல், உங்கள் மேஜைக்கு வருகிற விண்ணப்பத்தை மட்டும் வரிசைப்படி முடியுங்கள். பக்கத்துப் பிரிவில் உங்களைப் போல ஒருவராவது இருப்பார், அவரைக் கண்டுபிடியுங்கள். முடிந்தால் இடமாறுதல் கேளுங்கள், அதை ஓடிப்போவதாக நினைக்காதீர்கள்.

மேலதிகாரி ஒரு மாதிரி பேசறார், ராத்திரி மெசேஜ் அனுப்பறார். சொன்னா "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ங்கறாங்க. நான் கான்ட்ராக்ட் வேற.

அட்ஜஸ்ட் செய்யாதீர்கள். பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தில் "பணியாளர்" என்றால் ஒப்பந்தம், தினக்கூலி, ஏஜென்சி மூலம் வந்தவர் எல்லோரும் அடக்கம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பேராசிரியர் நிலையில் உள்ள பெண், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள், வெளி ஆள் ஒருவர், ஆசிரியரல்லாப் பணியாளர்களான நம் தரப்பிலிருந்தும் இரண்டு பேர். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் யாரும் அதில் உறுப்பினராக இருக்க முடியாது. பலருக்கு இது தெரியாததால்தான் பதிவாளரிடம் போய் நிற்கிறார்கள்.

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள், காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை ஏற்கலாம். மெசேஜை அழிக்காதீர்கள், தேதியோடு படம் எடுத்து நம்பிக்கையானவர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். விசாரணை நடக்கும்போது உங்களையோ அவரையோ இடம் மாற்றச் சொல்லிக் கேட்கலாம், மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். நிரூபிக்க முடியாமல் போனாலே பொய்ப் புகார் ஆகிவிடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. பதிவறை வட்டத்தில் ஒருத்தியாவது உங்களோடு குழு அறை வாசல்வரை வர வேண்டும். அவள் வரவில்லை என்றால் அந்த வத்தக்குழம்புக்கெல்லாம் அர்த்தமே இல்லை.

ரிட்டயர் ஆனப்புறம் ஆபீஸ் பக்கம் போகலாமா? போனா தொல்லைன்னு நினைப்பாங்களா?

போகலாம். மாதக் கடைசியிலும் தேர்வு முடிவு வரும் வாரத்திலும் போகாதீர்கள், மூன்று மணிக்கு மேல் டீ நேரமாகப் பார்த்துப் போங்கள். உங்கள் பழைய சீட்டுக்குப் பின்னால் போய் நின்று கம்ப்யூட்டரை எட்டிப் பார்க்காதீர்கள்.

என் கடைசி நாளன்று விடுவிப்பு ஆணையை வாங்கிக்கொண்டு, பீரோ சாவியை ஒப்படைத்து, பொன்னாடை போர்த்தி, செக்‌ஷன் ஆட்கள் வேன் பிடித்து வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கப்புறம் எட்டு மாதம் நான் போகவில்லை, கூச்சம். அப்புறம் ஒருநாள் ஓய்வூதிய வேலையாகப் போயிருந்தேன். என் சீட்டில் இப்போது இருக்கிற பெண் 2011ஆம் வருஷக் கோப்பு ஒன்றைத் தேடித் தவித்துக்கொண்டிருந்தார். எந்த ராக், எந்தக் கட்டு என்று சொன்னேன். எடுத்துக் கொடுக்க எழுந்தும்விட்டேன், அப்புறம் மறுபடி உட்கார்ந்துகொண்டேன். அவரே போய் எடுத்து வந்தார், முகமெல்லாம் தூசி.